எத்தனை கைமுட்டி உயரம்?

மழை விட்டு மூன்றாம் நாள், பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். காரைக்குடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மகன் மாடிப்படியில் இருந்தபடியே கத்தினான்: “சித்தப்பா, வானத்துல ரயில் போகுது!”

ரயில்தான். ஒரே அளவிலான வெள்ளைப் புள்ளிகள், ஒன்றன்பின் ஒன்றாக, கோர்த்து வைத்ததுபோல. மேற்கே எழும்பி, சத்தமே இல்லாமல் உச்சியைத் தாண்டி, கிழக்கே சாய்வதற்குள் முன்னால் போனதிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தன. மொத்தம் 4 நிமிடம் இருக்கலாம். ராத்திரி சாப்பிட்டு எழுவதற்குள் செல்போனில் படம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பறக்கும் தட்டு என்றது ஒரு செய்தி, ஏவுகணை என்றது இன்னொன்று. மறுநாள் தெருவில் விசாரித்தேன். ஒருவர் குன்றக்குடிப் பக்கம் என்றார், அடுத்தவர் தேவகோட்டைப் பக்கம் என்று அடித்துச் சொன்னார். எவ்வளவு நேரம் தெரிந்தது என்றால் ‘அரை மணி நேரம்’ என்று பதில். எவ்வளவு உயரத்தில் என்ற கேள்விக்கு ‘நல்ல உயரம்’.

அது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசை. 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்களை ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவியதிலிருந்து உலகம் முழுக்க இந்த ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஏவியவை சில நாட்கள் தாழ்வாக, நெருக்கமாகப் போகும். பிறகு விலகி மேலேறிக் கண்ணுக்கு மங்கிவிடும். பாதி வானத்தில் அணைவதுதான் பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அணைவது ஒன்றுமில்லை, பூமியின் நிழலுக்குள் நுழைகிறது. நமக்குச் சூரியன் மறைந்துவிட்டது, முன்னூறு, ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதற்கு இன்னும் மறையவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டாலே, அந்தியிலும் விடியற்காலையிலும் தெரிகிற ‘மர்ம ஒளி’களில் பாதிக்கு மேல் அடையாளம் தெரிந்துவிடும்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது தெருக்காரர்களின் பதில்கள்தான். வானத்தில் தெரியும் வெளிச்சங்களை அடையாளம் காண மனிதர்கள் செய்த முயற்சிகளைத் தேடிப் படிக்கப் படிக்க, திரும்பத் திரும்ப அதே இடத்தில்தான் வந்து நின்றேன். வானம் ஏமாற்றியதைவிட, பார்த்தவர் குறித்து வைக்காமல் போனதால் கைவிட்டுப் போனவையே அதிகம்.

எங்கள் பக்கத்தில் வெளிச்சங்களுக்குப் பெயர் பஞ்சம் கிடையாது. கண்மாய்க்கரையில் தாழப் போனால் கொள்ளிவாய்ப் பேய். பொட்டலில் தூரத்தில் நின்று ஆடினால் முனி. ஊர் எல்லையில் விரைவாகக் கடந்தால் அய்யனார் குதிரையேறி வேட்டைக்குப் புறப்பட்டுவிட்டார், எதிரே போகக்கூடாது. எரிநட்சத்திரம் விழுந்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும். அப்பத்தா இதையெல்லாம் பயமுறுத்துகிற குரலில் சொன்னதில்லை. “முனி போகுதுடா, நீ படு” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பாள். கவனித்தால் இது ஒரு வகைப்பாடு. உயரம், வேகம், இடம் மூன்றையும் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பெயர் வைத்ததோடு நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதில் கொள்ளிவாய்ப் பேய்க்குத்தான் பழைய, நீண்ட விசாரணை உண்டு. வங்காளத்தில் ஆலேயா, குஜராத்தின் பன்னி புல்வெளியில் சீர் பத்தி என்று சதுப்பும் ஈரமும் உள்ள இடங்களில் எல்லாம் இதற்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா, மின்கலம் கண்டுபிடித்த அதே வோல்டா, 1776-ல் மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கிளறிக் குமிழியாக வந்த வாயுவைப் பிடித்தார். அதுதான் மீத்தேன். எரியும் வாயு கிடைத்துவிட்டது, பற்றவைப்பது யார்? அங்கேதான் சிக்கல். மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. அழுகும் பொருளிலிருந்து வரும் பாஸ்பீன் வகை வாயுக்கள் காற்றுப் பட்டதும் எரியும், அதுதான் தீக்குச்சி என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. ஆனால் பார்த்தவர்கள் சொல்வது சுடாத, நீலம் கலந்த, மெல்லிய சுடர். பாஸ்பீன் எரிந்தால் வெள்ளைப் புகையும் நாற்றமும் வர வேண்டும். 2025-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜேரின் குழு வேறொரு வழி காட்டியது. தண்ணீருக்குள் மேலேறும் நுண்ணிய மீத்தேன் குமிழிகளில் மின்னூட்டம் பிரிந்து, அடுத்தடுத்த குமிழிகளுக்கு இடையே குட்டி மின்னல் பாய்கிறது, அது மீத்தேனை மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்து ஒளி விடுகிறது என்றார்கள். மின்பொறியாக இருக்கலாம் என்று வோல்டாவே சந்தேகப்பட்டிருந்தார் என்பதுதான் இதில் சுவை. ஆய்வகக் குமிழியிலிருந்து நம் கண்மாய்க்குத் தூரம் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கண்மாய்களில் பாதி சீமைக்கருவேல் மூடிக் கிடக்கிறது, கரையெல்லாம் மின்விளக்கு. கொள்ளிவாய்ப் பேயைப் பார்த்தேன் என்று சொல்கிற ஆளை இனி எங்கே போய்த் தேடுவது?

முனிக்கு விளக்கம் வேறு. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் மின்மின் என்றொரு வெளிச்சம் பிரபலம். வண்டியைத் தொடரும், நெருங்கினால் விலகும். குவின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஜாக் பெட்டிக்ரூ 2003-ல் இதைச் சோதனை செய்தே காட்டினார். குளிர்ந்த இரவில் தரையை ஒட்டிக் குளிர்காற்றும் அதன்மேல் வெப்பக்காற்றும் படிந்தால், நேர்க்கோட்டில் தெரியவே வாய்ப்பில்லாத தொலைவுக் காரின் முகப்பு விளக்கு வளைந்து வந்து கண்ணெதிரே மிதக்கும். அமெரிக்காவின் டெக்சாஸில் மார்ஃபா விளக்குகளை 2004-ல் மாணவர்கள் ஆராய்ந்தபோதும், அவர்கள் பார்த்தவை நெடுஞ்சாலை வண்டிகளோடு பொருந்தின. தை மாதப் பனியில் எங்கள் பொட்டலும் அப்படிப்பட்ட நிலம்தான், அதைக் கிழித்துக்கொண்டு திருச்சி–ராமேஸ்வரம் சாலை போகிறது. ஆனால் காரே இல்லாத காலத்து முனியை இது விளக்காது. அதற்கு முயல் வேட்டைக்காரன் கையில் இருந்த பந்தத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தரையை விட்டு நிமிர்ந்து பார்த்தால், தமிழில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சாட்சி கூடலூர் கிழார். புறநானூற்றின் 229-ஆம் பாட்டு. ஒரு மீன் விழுவதைப் பார்க்கிறார், அரசன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன ஆகுமோ என்று கலங்குகிறார், ஏழாம் நாள் அரசன் இறக்கிறான். கலக்கத்தை ஒதுக்கிவிட்டு அவர் தரும் குறிப்பைப் பாருங்கள். மாதம் பங்குனி. வேளை நள்ளிரவு. எந்த நாள்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது அதற்கு எதிரே எழுந்தது, எது மறையப் போனது, மூன்றும் இருக்கிறது. விழுந்தது கிழக்கும் போகவில்லை, வடக்கும் போகவில்லை என்று திசைக்கும் குறிப்பு. இன்றைக்கு எரிகல் ஆய்வாளர் ஒருவர் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பாட்டில் பதில் உண்டு. அரசன் இறந்தபின் எழுதிய பாட்டு என்பதால், விழுந்த மீனுக்கும் சாவுக்கும் போட்ட முடிச்சைச் சந்தேகப்படலாம். நட்சத்திர நிலைகளைச் சந்தேகப்படத் தேவையில்லை, அவை கணக்குப் போட்டுச் சரிபார்க்கக்கூடியவை.

முடிச்சுப் போடும் வேலையை அப்பத்தாவும் செய்தாள். “பாகிஸ்தான் சண்டை வருஷம் விடிகாலையில இந்தா பெருசா வால்வெள்ளி. அது வந்துதான் சண்டை வந்துச்சு” என்பாள். அவள் பார்த்தது இகேயா–சேகி வால்வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்ததே 1965 செப்டம்பர் 18-ல். சூரியனைச் சுற்றிவிட்டு நீண்ட வாலோடு விடியற்காலையில் தெரிந்தது அக்டோபர் கடைசியில். சண்டை நிறுத்தம் செப்டம்பர் 23. அப்பத்தா பார்த்தது நிஜம், வால் நீளம் நிஜம், வரிசை மட்டும் தலைகீழ். தேதி எழுதி வைக்காத நினைவு இப்படித்தான் தனக்கு வேண்டிய வரிசையில் அடுக்கிக்கொள்ளும்.

வானத்திலிருந்து கல் விழும் என்பதையே ஐரோப்பிய அறிஞர்கள் வெகுகாலம் ஏற்கவில்லை. குடியானவன் பார்த்தான், குடியானவனுக்கு என்ன தெரியும் என்ற பாவனை. ஜெர்மானியர் கிளாட்னி 1794-ல் வாதாடினார், சிரித்தார்கள். 1798 டிசம்பரில் காசிக்கு அருகே தீக்கோளம் ஒன்று வெடித்துக் கற்கள் விழுந்தன. அந்தக் கல்லையும் வேறு நாடுகளில் விழுந்தவற்றையும் எட்வர்ட் ஹோவர்ட் 1802-ல் லண்டனில் வேதியியல் சோதனை செய்து, எல்லாவற்றிலும் நிக்கல் கலந்த இரும்பு இருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டு பிரான்சின் லேக்ல் ஊரில் கல்மாரி பொழிய, பியோ என்ற இயற்பியலாளர் ஊர் ஊராகப் போய் விசாரித்து அறிக்கை எழுதினார். அதோடு சிரிப்பு நின்றது.

நம் பக்கத்துக்கும் அதில் ஒரு பங்கு வந்தது. 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைச் சீமையில் இரண்டு கற்கள் விழுந்தன. ஒன்று ஏறத்தாழ 17 கிலோ, மற்றது 61 கிலோ. உலக எரிகல் பட்டியலில் அதன் பெயர் ‘பர்னல்லி’. அப்படி ஓர் ஊரைத் தேடி நெடுநாள் குழம்பினேன். பட்டியல் தரும் அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் கமுதிக்குத் தெற்கே பெருநாழிப் பக்கம் போய் நிற்கிறது. காரைக்குடியிலிருந்து நூறு கிலோமீட்டர் போல. பெருநாழிதான் வெள்ளைக்காரர் நாக்கில் பர்னல்லி ஆகியிருக்க வேண்டும் என்பது என் முடிவு. அன்றைக்குச் சிவகங்கையும் ராமநாதபுரமும் மதுரை கலெக்டரின் கீழிருந்த ஜமீன்கள், எனவே சீமைக் கணக்கும் ஒத்துப்போகிறது. சூரிய மண்டலம் உருவானபோது உறைந்த துளிகள், அதாவது சுமார் 456 கோடி ஆண்டுப் பழசு, அதிகம் வெந்து மாறாமல் அந்தக் கல்லில் அப்படியே இருக்கின்றன. அதனால் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் பெயர் அடிபடுகிறது. ராமநாதபுரத்துக்காரர்களைக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

இதற்கு நேரெதிர் கதை சென்னையில். பீலா என்ற வால்வெள்ளி 1846-ல் இரண்டாக உடைந்து, 1852-க்குப் பிறகு காணாமலே போயிருந்தது. 1872 நவம்பர் 27 இரவு அதன் பாதையிலிருந்து எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர், பீலா பூமியை உரசிப் போயிருக்கிறது, தெற்கு வானில் செண்டாரஸ் கூட்டத்தில் தேடுங்கள் என்று சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனுக்குத் தந்தி கொடுத்தார். வடகிழக்குப் பருவமழைக் காலம். மேக இடுக்கில் டிசம்பர் 2-ஆம் தேதி போக்சன் ஒரு வால்வெள்ளியைப் பிடித்தார், 3-ஆம் தேதியும் பிடித்தார். பிறகு மேகம் மூடிவிட்டது. சுற்றுப்பாதை கணிக்கக் குறைந்தது மூன்று அளவீடு வேண்டும், அவரிடம் இருந்தவை இரண்டு. பின்னால் கணக்குப் போட்டவர்கள் அது பீலாவாக இருக்க முடியாது என்றார்கள். அப்படியானால் சொன்ன இடத்தில் தற்செயலாக வந்து நின்ற வால்வெள்ளி எது? போக்சன் தேர்ந்த ஆள், நல்ல தொலைநோக்கி, குறிப்பும் சுத்தம். கார்த்திகை மாத மேகம் ஒன்று வழிமறித்ததால் 150 ஆண்டுகளாக அது அடையாளம் தெரியாமல் கிடக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் மனிதனே வானத்தில் விளக்கு ஏற்றத் தொடங்கிவிட்டான். 1963 நவம்பர் 21 அந்தியில் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் சோடியம் ஆவியோடு கிளம்பியது. மேலே போய் ஆவியைக் கக்க, வெயில் பட்டு ஆரஞ்சு நிற மேகம் கேரளத்திலும் நம் தென்கோடியிலும் தெரிந்தது. முன்னறிவிப்பு இல்லாதவர்களுக்கு அது என்னவாகத் தோன்றியிருக்கும்! 2022 ஏப்ரல் 2 மாலை மகாராஷ்டிர வானில் தீப்பிழம்புகள் வரிசையாகப் போனதும் பலவிதமாகப் பேசினார்கள். சந்திரபூர் மாவட்டத்தின் சிந்தேவாகி பகுதியில் 3 மீட்டர் அகலமுள்ள உலோக வளையம் விழுந்து கிடந்த பிறகுதான் சீன ராக்கெட்டின் மிச்சம் என்று தெளிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 15 அந்தியில் வங்காள மக்கள் படம் எடுத்துப் பகிர்ந்த விநோத ஒளி, ஒடிசா கடற்கரையிலிருந்து சோதித்த அக்னி–5.

இதைவிட எனக்குப் பிடித்த வழக்கு லடாக்கில் நடந்தது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை பாங்காங் ஏரிப் பக்கம் எல்லைக் காவலில் இருந்த வீரர்கள் அடையாளம் தெரியாத மஞ்சள் ஒளியை 329 முறை பதிவு செய்தார்கள். அதில் 155 முறை அது எல்லை தாண்டி வந்ததாகக் குறிப்பு. சீன உளவு விமானமாக இருக்குமோ என்று கவலை. ரேடாரைக் கொண்டுபோய் வைத்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே சந்தேகத்தைக் கூட்டியது. இடையில் வானியலாளர்களும் வந்து பார்த்து, கோள்கள் இல்லை என்று சொல்லிவிட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வேறு. கடைசியில் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் முறைப்படி இறங்கினார்கள். என்ன தெரிந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு எத்தனை மணிக்கு, எந்தத் திசைக்கோணத்தில், தொடுவானிலிருந்து எத்தனை பாகை என்று அளக்க வைத்தார்கள். அளந்ததும் தானாகவே விடை வந்தது: ஒன்று வியாழன், மற்றது வெள்ளி. கடல்மட்டத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு மேலே, தூசியில்லாத காற்றில், மலை முகட்டுக்கு மேல் வெள்ளி கிளம்பினால் விளக்குப் பிடித்ததுபோல்தான் இருக்கும்.

வீரர்களைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. இருட்டில் தனி ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் அது நகர்வதாகவே கண்ணுக்குத் தோன்றும், அருகே ஒப்பிட எதுவும் இல்லை என்றால் யாருக்கும் அப்படித்தான். மேலும் அவர்கள் 329 முறையும் எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததால்தான் தீர்ந்தது. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ தெரிந்ததென்று விமானங்களைத் திருப்பிவிட்டு, ரஃபேல் போர்விமானங்களை அனுப்பித் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அந்த வழக்கு அப்படியே நிற்கிறது.

பெரிய அளவில் கணக்கெடுத்தவர்கள் அமெரிக்க விமானப்படையினர். புளூ புக் திட்டம் 1969-ல் மூடப்பட்டபோது கையில் 12,618 வழக்குகள், அதில் அடையாளம் தெரியாமல் மிஞ்சியவை 701. ஐந்தரை சதவீதம் சொச்சம். இந்த 701-ஐ வைத்துக்கொண்டுதான் வேற்றுக்கிரகக் கதைகள் எல்லாம் பிழைக்கின்றன. பிரான்சின் விண்வெளி நிறுவனம் 1977-லிருந்து நடத்தும் பிரிவு கொஞ்சம் நிதானம். அது வழக்குகளை நான்காகப் பிரிக்கிறது. விளங்கியது, ஏறக்குறைய விளங்கியது, தகவல் போதாதது, தகவல் நன்றாக இருந்தும் விளங்காதது. மூன்றாவதையும் நான்காவதையும் கலந்துவிடாமல் இருப்பதில்தான் விஷயமே இருக்கிறது. தெருக்காரர் சொன்ன ‘நல்ல உயரம்’ மூன்றாவதில் போய்விடும்.

நான்காவதைத் தள்ளிவிட முடியாது. இடிமேகத்துக்கு மேலே சிவப்பாக ஏதோ பாய்கிறது என்று விமானிகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள், கேட்பாரில்லை. 1989 ஜூலையில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் வேறு வேலைக்காக வைத்திருந்த கேமராவில் அது தற்செயலாக விழுந்தது. மேல்வளிமண்டல மின்னல் என்று இன்றைக்கு அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. பந்து மின்னலும் கட்டுக்கதை என்று ஒதுக்கப்பட்டதுதான். 2012-ல் சீன ஆய்வாளர்கள் தற்செயலாக அதன் நிறமாலையைப் பதிவு செய்தபோது மண்ணிலுள்ள சிலிக்கனும் இரும்பும் கால்சியமும் அதில் தெரிந்தன. நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1981-லிருந்து பேசப்படும் ஒளிகளுக்கு 1998-ல் தானியங்கி நிலையமே வைத்தாயிற்று. சில படங்கள் கார் விளக்காகவும் விமானமாகவும் முடிந்தன, சில இன்னும் முடியவில்லை.

செட்டிநாட்டு வானத்துக்கு இனி வேலை கூடும். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020-லிருந்து சுகோய் விமானங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளம், அங்கே ஆளில்லா விமானங்கள். இரண்டும் காரைக்குடியிலிருந்து வான்வழியில் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தொலைவில். குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே. அங்கிருந்து ராக்கெட் ஒருநாள் அந்தியில் கிளம்பினால், முனியைப் பார்த்த எங்கள் பொட்டலிலிருந்தே அதன் புகைமேகம் வெயிலில் பளபளப்பதைப் பார்க்கலாம்.

ரயில் பார்த்த மறுவாரம் அண்ணன் மகன் பழைய கணக்கு நோட்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கட்டம் போட்டான். தேதி, நேரம், திசை, உயரம், எவ்வளவு நேரம், நிறம், என்ன. உயரத்துக்குக் கைமுட்டிதான் அளவு. கையை நேரே நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. தொடுவானிலிருந்து ஒன்பது முட்டி அடுக்கினால் உச்சி. முதல் பக்கத்தில் வெள்ளி, அகத்தியர் நட்சத்திரம், திருச்சி விமானம் என்று கட்டங்கள் சுலபமாக நிரம்பின.

ஒரு புதன்கிழமை இரவு 8.10-க்கு அவன் ஒரு வெளிச்சத்தைக் குறித்தான். தெற்கே, சற்றுக் கிழக்காக, இரண்டு முட்டி, செம்மஞ்சள், 40 நொடி அசையாமல் நின்று அணைந்தது. பென்சிலில் ‘உச்சிப்புளி ட்ரோன்’ என்று எழுதியிருந்தான். திசை சரிதான். தாளில் முக்கோணம் போட்டுப் பார்த்தோம். 20 பாகை உயரத்தில், உச்சிப்புளிக்கு நேர் மேலே என்றால் அது 30 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாக வேண்டும். அங்கே எந்த ட்ரோனும் பறக்காது. பக்கத்தில் வந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கலாம், காற்று எதிர்த்திசையில் அடித்திருந்தால் கேட்காமலும் போயிருக்கலாம். காற்றுக்கு அவன் கட்டம் போடவில்லை.

பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, ஓரத்தில் ‘காற்று’ என்று புதிதாக ஒரு கட்டம் போட்டான். “அப்ப இதுக்கு என்னன்னு எழுதுறது சித்தப்பா?” என்றான். கட்டத்தை அப்படியே விடச் சொன்னேன்.